ஒரே மெனுவில் இரண்டு நாடு: புபுசா கடைக் குறிப்புகள்

அமெரிக்காவில் சின்ன சால்வடோர் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குள் முதல் தடவை போகிறவரை மெனு கொஞ்சம் குழப்பும். வெளியே பலகையில் ‘புபுசேரியா’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அதாவது புபுசா விற்கிற கடை. உள்ளே போய் கவுண்டருக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் பாதிப் படங்கள் டாக்கோ, புரிட்டோ, ஃபஹீட்டா. இதெல்லாம் மெக்சிகோ சமாச்சாரம். ஃபஹீட்டா, கறாராகச் சொன்னால், டெக்சஸ் சமாச்சாரம். எல் சால்வடோருக்கும் மெக்சிகோவுக்கும் நடுவில் குவாத்தமாலா என்று ஒரு முழு நாடே இருக்கு. அப்புறம் எதுக்கு சால்வடோர்காரர் கடையில் மெக்சிகோ சாப்பாடு?

சுருக்கமான பதில்: அக்கம்பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த சாப்பாடு அதுதான். நீளமான பதிலில் ஒரு உள்நாட்டுப் போர், ஒரு குடியேற்றச் சட்டம், ஒரு நிலநடுக்கம் எல்லாம் வருது. அதுக்குள்ள போகும் முன்னால் தட்டில் என்ன இருக்கு என்று பார்த்துவிடலாம்.

நான் சொல்வதெல்லாம் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துப் பக்கத்துக் கடைகளை வைத்து. குறிப்பாக லாங்லி பார்க், வீட்டன் பக்கம். லாங்லி பார்க் நம்ம ஆட்கள் பலருக்குத் தெரிந்த இடம்தான். இந்திய மளிகைக் கடைகளும் சைவ டிபன் கடைகளும் பல வருடமாக அங்கே உண்டு. கறிவேப்பிலை வாங்கப் போகிற அதே வரிசையில் நாலு கடை தள்ளி ஒரு புபுசா கடை இருக்கும். கூரையோரத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு கொடி, டிவியில் கால்பந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஊருக்குப் பணம் அனுப்புகிற விளம்பரம். நிறையப் பேர் அந்த வாசலைத் தாண்டிப் போயிருப்பார்கள், உள்ளே போயிருக்க மாட்டார்கள்.

முதலில் மெனுவின் வார்த்தைகள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இரண்டு நாட்டுக்கும் மொழி ஸ்பானிஷ். ஆனால் ஒரே வார்த்தைக்கு இரண்டு சாப்பாடு.

கேசடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் தோர்த்தியாவுக்குள் சீஸ் வைத்து மடித்துச் சுட்டால் கேசடியா. எல் சால்வடோரில் கேசடியா என்பது கேக்! சீஸும் அரிசி மாவும் முட்டையும் சேர்த்து, மேலே எள் தூவி, அவனில் வைத்து எடுப்பது. லேசான உப்போடு இனிப்பு. காபிக்குத் துணை. ஒரே கடையில் இரண்டும் இருக்கும். ஒன்று மெனுவில், இன்னொன்று கல்லாப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில். சிச்சரோனும் அப்படித்தான். மெக்சிகோக்காரர் சிச்சரோன் என்றால் மொறுமொறுவெனப் பொரித்த பன்றித்தோல். புபுசாவுக்குள் போகிற சிச்சரோன் வேற: பன்றி இறைச்சியை வேகவைத்து வதக்கி, தக்காளி, வெங்காயம், குடமிளகாயோடு விழுதாக அரைத்தது. இதிலும் ஒரு சிக்கல். அதே கடையில் ‘யூக்கா கோன் சிச்சரோன்’ என்று கேட்டால் மரவள்ளிக்கிழங்கோடு பொரித்த இறைச்சித் துண்டுகள் வரும். விழுது வராது. தமால் மெக்சிகோவில் பெரும்பாலும் சோளக்கதிரின் காய்ந்த மட்டையில் கட்டியிருக்கும். இங்கே வாழை இலை, உள்ளே மாவும் குழைவாக, ஈரமாக இருக்கும். ஓர்ச்சாத்தா மெக்சிகோவில் அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்த பால். சால்வடோரில் மொர்ரோ என்கிற மரத்தின் விதையை எள், நிலக்கடலை, கோகோ, பட்டையோடு வறுத்துப் பொடித்துக் கரைப்பது. நிறம் பழுப்பு, வாசனை சத்துமாவுக் கஞ்சியை ஞாபகப்படுத்தும்.

என்சலாடா என்றால் சாலட். சரி. ஆனால் அது பானங்களின் பட்டியலில் இருந்தால் குடிக்கிற ஐட்டம். ஆப்பிள், அன்னாசி, முந்திரிப்பழம் எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி ஜூஸில் மிதக்கும். சில கடையில் லெட்டூஸ் இலை வேற! ஸ்பூனும் தருவார்கள்.

பானம் என்று வந்ததால் ஒரு சின்ன விலகல். ‘தமரிந்தோ’ என்று இருப்பது புளித் தண்ணீர்தான், சர்க்கரை போட்டது. அந்த வார்த்தையே அரபியில் ‘இந்தியப் பேரீச்சை’ என்று அர்த்தம் வருகிற தமர் ஹிந்தியிலிருந்து வந்தது. ‘மரன்யோன்’ என்பது முந்திரிப்பழச் சாறு. பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்கு மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். புளி கடல் தாண்டி அங்கே போனது, முந்திரி தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக நம்ம பக்கம் வந்தது. இங்கே இரண்டும் ஒரே ஐஸ்பெட்டியில் இருக்கு.

இப்போ புபுசா. போளி தட்டத் தெரிந்தவர்களுக்குக் கொள்கை உடனே புரியும். சோளமாவு உருண்டை, நடுவில் குழி, குழிக்குள் பூரணம், மூடி உருட்டி, தட்டி, கல்லில் போடுவது. போளிக்கு மைதா இழுபடும், எண்ணெய் தாராளமாக இருக்கும், இலையோ பிளாஸ்டிக் தாளோ வைத்துத் தட்டலாம். புபுசா அப்படி இல்லை. மக்காச்சோள மாவில் இழுவை கிடையாது. அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, தட்டித் தட்டித் திருப்பி, விளிம்பு வெடிக்காமல், பூரணம் ஓரம்வரைக்கும் சமமாகப் பரவி, அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் வட்டமாகக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வைத்திருப்பார்கள். கை அதில் போய்ப் போய் வரும். கடைக்குள் நுழைந்ததும் சமையலறைப் பக்கமிருந்து சீராகக் கைத்தட்டுகிற சத்தம் கேட்டால் நல்ல சகுனம். யாரோ உங்களுக்காக இப்போதுதான் தட்டுகிறார்கள்.

தட்டுவது கிட்டத்தட்ட எப்போதும் பெண்கள். அவர்களுக்கு ‘புபுசேரா’ என்றே பெயர். நான் அதிகம் போகிற கடையில் அறுபதை நெருங்குகிற ஒரு அம்மா கல்லடியில் நிற்பார். உருண்டை எடுப்பதிலிருந்து கல்லில் போடுவது வரை அரை நிமிடம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சர்ச் முடிந்து கூட்டம் வரும் நேரத்தில், மணிக்கணக்கில் அந்தக் கை நிற்பதே இல்லை. ஒரு புபுசா எங்கள் பக்கம் மூணு நாலு டாலருக்குள் கிடைக்குது. உள்ளே இருக்கிற சீஸ் விலையைக் கழித்துப் பார்த்தால் அந்தக் கைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு கணக்கு மனசில் ஓடும். இயந்திரம் இல்லையா என்றால், உறைய வைத்த புபுசா சூப்பர்மார்க்கெட்டில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. பசிக்குப் பரவாயில்லை. சூடான கல்லில் சீஸ் ஓரத்தில் கசிந்து, கருகி, மொறுமொறு சரிகையாகப் பிடித்திருக்குமே, அது பாக்கெட்டில் வராது.

மாவைப் பற்றித் தனியாகச் சொல்லணும். இது சும்மா அரைத்த மக்காச்சோளம் இல்லை. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்று வந்ததும் கழுவி அரைக்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு இருக்கே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். இப்படிச் சுண்ணாம்பில் வெந்த சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர், அரைத்த மாவுக்கு மாசா. சுண்ணாம்பு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தோலையும் செல் சுவரையும் தளர்த்தி மாவுக்கு ஒரு பிசுபிசுப்பு கொடுக்கிறது. அதில்லாமல் புபுசா தட்டவே முடியாது. இந்தியக் கடையில் மக்கி ஆட்டா வாங்கி வீட்டில் முயற்சி செய்தால் விளிம்பெல்லாம் பிளந்துகொள்ளும். ‘மாசா ஹரினா’ என்று போட்ட மாவுதான் வேணும்.

இரண்டாவது வேலைதான் பெரிசு. சோளத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் இருந்தாலும் அது பூட்டி வைத்த மாதிரி இருக்கும். நம்ம குடலால் எடுக்க முடியாது. சுண்ணாம்பு அந்தப் பூட்டைத் திறக்கிறது. ஸ்பானியர்கள் சோளத்தை மட்டும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு வைத்தியத்தை விட்டுவிட்டார்கள். விளைவு, சோளத்தையே நம்பியிருந்த வட இத்தாலி ஏழைகளிடம் பெல்லக்ரா பரவியது: தோல் வெடிப்பு, பேதி, கடைசியில் புத்தி பேதலிப்பு, சாவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை. ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறைபாடு என்று நிரூபிக்கவே வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. நியாசின்தான் மருந்து என்று உறுதியானது 1937-ல். மத்திய அமெரிக்கக் கிராமத்துச் சமையலறையில் அந்த மருந்து ஆயிரக்கணக்கான வருடமாகப் பானையில் இருந்தது. (இன்றைக்குப் பெரும்பாலான கடைகளில் சோளம் ஊறப்போடுவதில்லை. மாசேக்கா போன்ற உடனடி மாவு மூட்டைதான். அதுவும் சுண்ணாம்பில் வெந்த சோளமே என்பதால் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் நிஜமாகவே ஊறப்போட்டு அரைக்கிற கடை கிடைத்தால் வாசனையிலேயே வித்தியாசம் தெரியும்.)

ஆர்டர் எடுக்கும்போது சில கடைகளில் ‘சோளமா, அரிசியா?’ என்று கேட்பார்கள். அரிசி மாவுப் புபுசா ஓலோக்குயில்தா என்ற ஊரின் அடையாளம். சான் சால்வடோரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற வழியில் இருக்கு. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அங்கே வண்டியை நிறுத்திச் சாப்பிடுவார்கள். அரிசிப் புபுசா வெள்ளையாக, மேலே கொஞ்சம் மொறுமொறுப்பாக இருக்கும். நமக்கு அரிசியே பழக்கம் என்று அதை மட்டும் கேட்காதீர்கள். சோளத்தில் ஒண்ணு, அரிசியில் ஒண்ணு என்று சொல்லிப் பாருங்கள். எனக்குச் சோளம்தான்.

பூரணத்தில் ‘ரெவுவெல்தா’ என்றால் கலவை: பன்றி, பீன்ஸ், சீஸ் மூணும். அதுதான் அதிகம் விற்பது. சைவக்காரர்களுக்கு ‘ஃப்ரிஹோல் கோன் கேசோ’ (பீன்ஸ், சீஸ்) அல்லது ‘கேசோ கோன் லொரொக்கோ’. லொரொக்கோ ஒரு கொடியின் பூ மொட்டு, பச்சை நிறம். அரளிக் குடும்பத்துச் செடி. பயப்பட வேண்டாம், மொட்டைத்தான் தின்கிறார்கள். ருசியை எப்படிச் சொல்வது? கொஞ்சம் கீரை, கொஞ்சம் கொட்டை, அடியில் ஒரு புளிப்பு. அமெரிக்காவுக்கு இது உறைய வைத்தோ உப்புத் தண்ணீர் பாட்டிலிலோதான் வருகிறது. புதுசாகச் சாப்பிட்டவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் ஊரை விட்டு வந்தவர்கள் கேட்பது இதைத்தான். ஒரு எச்சரிக்கை: பீன்ஸை மசிக்கும்போது பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. அதற்கு ‘மந்தேகா’ என்று பெயர். ‘சின் மந்தேகா?’ (மந்தேகா இல்லாமலா?) என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எண்ணெயில் செய்கிற கடைகளும் நிறைய. கல் எல்லாத்துக்கும் ஒரே கல்தான், அதில் விட்டுக்கொடுக்க முடியாதவர்கள் பிளாண்டேன் பொரியலும் மரவள்ளிக்கிழங்கும் கேட்கலாம். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்பதை அப்போதும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே வருவது குர்த்திதோ. முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், ஒரிகானோ, வினிகர். ஒரு நாளாவது ஊறியிருக்கணும். சில வீடுகளில் புளிக்கவே விடுவார்கள். பெரிய ஜாடியில் மேசைமேல் வைத்திருப்பார்கள், அளவே கிடையாது. இன்னொன்று தண்ணியான தக்காளி சாஸ், உறைப்பு இருக்காது. சால்வடோர் சாப்பாடே காரச் சாப்பாடு இல்லை. மெக்சிகோவை மனசில் வைத்துப் போகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். புபுசா சீஸும் கொழுப்புமாகக் கனமானது. குர்த்திதோவின் புளிப்பு இல்லாமல் ஒன்றுக்கு மேல் இறங்காது. அதைப் புபுசா மேலே குவித்து, கையால் பிய்த்துச் சாப்பிடணும். ஆமாம், கைதான். முள்கரண்டி கொடுத்தால் உங்களை வெளியாள் என்று நினைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த வகையில் நாம் அங்கே முதல் நாளே உள்ளாள்.

சரி, ஆரம்பக் கேள்விக்கு வருவோம்.

எல் சால்வடோர் சின்ன நாடு. பரப்பில் நம்ம தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு. காபித் தோட்டங்களும் நிலமும் சில குடும்பங்களின் கையில் இருந்தன. 1980 மார்ச் 24 அன்று, ராணுவ அடக்குமுறையைப் பகிரங்கமாகக் கண்டித்துவந்த பேராயர் ஆஸ்கர் ரொமேரோ பூசை செய்துகொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருடம் முற்றிய உள்நாட்டுப் போர் 1992 ஜனவரியில் மெக்சிகோவின் சபுல்தெபெக் கோட்டையில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ஓடியது. சுமார் 50 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறக்குறைய 75,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. அமைத்த உண்மை ஆணையம் தன்னிடம் வந்த புகார்களில் சுமார் 85 சதவீதத்துக்கு அரசுப் படைகளும் அவற்றோடு சேர்ந்த கொலைக் குழுக்களுமே காரணம் என்று 1993-ல் எழுதியது. அந்த அரசுக்குப் பல நூறு கோடி டாலர் கொடுத்தது அமெரிக்கா.

இங்கேதான் முடிச்சு. தப்பி ஓடியவர்கள் வந்து சேர்ந்ததும் அமெரிக்காவுக்கே. அவர்களை அகதி என்று ஒப்புக்கொண்டால், தான் காசு கொடுக்கிற அரசு தன் மக்களையே கொல்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதனால் ‘இவர்கள் வேலை தேடி வந்தவர்கள்’ என்று முத்திரை குத்தினார்கள். 1984-ல் தஞ்சம் கேட்ட சால்வடோர்காரர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. இந்த ஓரவஞ்சனையை எதிர்த்து தேவாலயங்கள் வழக்குப் போட்டு, 1991-ல் பழைய மனுக்களைத் திரும்ப விசாரிக்க அரசு சம்மதித்தது. அதுவரை லட்சக்கணக்கானவர்கள் காகிதம் இல்லாமலேயே வேலை பார்த்தார்கள்: கட்டடம், துப்புரவு, குழந்தை பார்ப்பது, அடுத்தவர் உணவகத்தின் பின்கட்டு.

லாஸ் ஏஞ்சலஸ்தான் பெரிய மையம். வாஷிங்டன் பக்கம் கதை கொஞ்சம் வேற. போருக்கு முன்பே, 1960-களிலும் 70-களிலும், தூதரக அதிகாரிகள் வீட்டிலும் உலக நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் வீட்டிலும் சமையலுக்கும் குழந்தை பார்க்கவும் சால்வடோர் பெண்கள் வந்திருந்தார்கள். போர் வந்ததும் அண்ணன் தம்பி, பிள்ளைகள், ஊர்க்காரர்கள் என்று அவர்களைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தது சங்கிலி. இன்திபுக்கா என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் அத்தனை பேர் இங்கே. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் லத்தீன் அமெரிக்கர்களில் சால்வடோர்காரர்கள்தான் முதலிடம். அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்களில் அந்த இடம் மெக்சிகோக்காரர்களுக்கு. இது முக்கியம். ஏனென்றால் மெக்சிகோக்காரர்கள் அதிகம் இல்லாத ஊரில் மெக்சிகோ சாப்பாடு சமைத்தது யார்? 80-களில் அமெரிக்கா முழுக்க டெக்ஸ்-மெக்ஸ் மோகம். வாஷிங்டனில் அந்தக் கடைகளின் சமையலறையில் நின்றவர்கள் பெரும்பாலும் சால்வடோர்காரர்கள். ஃபஹீட்டாவை அவர்கள் ஊரில் கற்கவில்லை, இங்கே வேலையில் கற்றார்கள். பிறகு சொந்தமாகக் கடை போட்டபோது கைத்தொழிலாக இருந்தது அது. வாசலில் வருகிற வெள்ளைக்காரருக்கோ கறுப்பருக்கோ புபுசா என்றால் என்னவென்று தெரியாது, டாக்கோ தெரியும். வாடகையை டாக்கோ கட்டியது. புபுசா தன் ஆட்களுக்காக இருந்தது.

அதனால் அந்த மெனுவைப் பார்த்து ‘இது அசல் கடை இல்லை’ என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அசல் சால்வடோர் சாப்பாடு மட்டும் போடுகிற கடையைத் தேடி அலைகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: பாதி மெக்சிகோ மெனு இந்த மக்களின் அசல் வரலாறு. தஞ்சம் மறுக்கப்பட்டவர் வேறு எப்படிக் கடை நடத்துவார்?

சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பாதிரியார் படம் இருந்தால் அது ரொமேரோ. 2018 அக்டோபர் 14 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ‘இவர் யார்?’ என்று கேட்டால் கல்லாவில் இருப்பவர் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்வார். ஆனால் இன்றைய ஜனாதிபதியைப் பற்றி நீங்களாகப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். 2022 மார்ச்சிலிருந்து ஊரில் அவசரநிலை; வன்முறைக் கும்பல்கள் ஒழிந்தன என்று கொண்டாடுகிறவரும், தப்பே செய்யாத தம்பி சிறையில் இருக்கிறான் என்று அழுகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கலாம்.

கடைக்குள் தெரியாத இன்னொரு விஷயம் ஒரு தேதி. 2001 ஜனவரி 13-லும் பிப்ரவரி 13-லும் எல் சால்வடோரில் இரண்டு பெரிய நிலநடுக்கம். ஊருக்குத் திருப்பி அனுப்பினால் வீடே இல்லை என்பதால், அப்போது அமெரிக்காவில் இருந்தவர்களுக்குத் ‘தற்காலிகப் பாதுகாப்பு’ என்ற ஏற்பாடு செய்தார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் டிபிஎஸ். வேலை செய்யலாம், நாடு கடத்த மாட்டார்கள். ஆனால் அது நிரந்தரக் குடியுரிமைக்குக் கொண்டுபோகிற பாதை இல்லை. பெரும்பாலும் 18 மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பு. ஒவ்வொரு தடவையும் கட்டணம், கைரேகை, காத்திருப்பு. 2018 ஜனவரியில் இதை முடித்துவிடுவதாக அரசு அறிவித்தபோது சுமார் 2 லட்சம் சால்வடோர்காரர்கள் இதில் இருந்தார்கள். வழக்குகளால் அது நின்றது. 2025 ஜனவரியில் வந்த நீட்டிப்பு 2026 செப்டம்பர் 9 வரை. 2001-ல் இருபத்தஞ்சு வயசில் வந்தவருக்கு இப்போ ஐம்பது. பிள்ளைகள் இங்கே பிறந்த குடிமக்கள், வீட்டுக்கடன் பாதி கட்டியாச்சு, கடைக்குப் பத்து வருட வாடகை ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவருடைய காகிதம் மட்டும் ஒன்றரை வருடத்துக்கு மேல் பேசாது. 2001 பிப்ரவரி 13-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

கல்லடியில் நிற்பவர்களில் யார் எந்தக் காகிதத்தில் நிற்கிறார்கள் என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. கேட்கவும் கூடாது. ஆனால் ஒரு கடை திடீரென்று ‘ஆள் இல்லாததால் இன்று புபுசா இல்லை’ என்று சீட்டு ஒட்டினால், நான் அதை வெறும் ஆள் பற்றாக்குறையாகப் படிப்பதில்லை.

கல்லாப் பக்கத்தில் பணம் அனுப்புகிற விளம்பரம் என்று சொன்னேனே, அதுவும் சாதாரணம் இல்லை. எல் சால்வடோரின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிற பணம். பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. 2001-லிருந்து அந்த நாட்டுக்குச் சொந்த நாணயமும் நடப்பில் இல்லை. கோலோன் போய் டாலர் வந்தாச்சு. அங்கே புபுசா வாங்குகிறவரும் இங்கே வாங்குகிறவரும் ஒரே நோட்டைத்தான் நீட்டுகிறார்கள்.

லாங்லி பார்க்குக்கு உள்ளூர்க் கவலை ஒன்றும் உண்டு. பெத்தெஸ்தாவிலிருந்து நியூ கேரல்டன் வரை 16 மைல் ஓடப்போகிற பர்ப்பிள் லைன் ரயில் யூனிவர்சிட்டி பூலவார்டு வழியாகத்தான் போகிறது. 2017-ல் தொடங்கிய வேலை இழுத்துக்கொண்டே போய், சாலையைத் தோண்டிப் போட்டதில் வருடக்கணக்கில் கடை வாசலில் வண்டி நிறுத்தவே சிரமம். ரயில் வந்தால் நல்லதுதானே என்றால், ரயில் வந்ததும் வாடகை ஏறும். இந்தக் கடைகள் எதுவும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. தோண்டின காலத்தைத் தாங்கிய கடை, ரயில் ஓடுகிற காலத்தைத் தாங்குமா என்பதுதான் அங்கே பேச்சு. நம்ம மளிகைக் கடைக்காரர்களுக்கும் இதே பயம் உண்டு, அவர்களோடு பேசினால் தெரியும்.

போவதாக இருந்தால் சில குறிப்புகள். எல் சால்வடோரில் 2005-லிருந்து நவம்பர் இரண்டாவது ஞாயிறு தேசியப் புபுசா தினம், அன்றைக்குக் கூட்டம் தாங்காது. வார நாளில், மதியம் ரெண்டு மணிக்கு மேல், கட்டட வேலைக்காரர்களின் கூட்டம் வடிந்த பிறகு போங்கள். ஆளுக்கு இரண்டு போதும், பசி இருந்தால் மூணு. எல்லாத்தையும் ஒரே தடவையில் சொல்லாதீர்கள். ஆறினால் சீஸ் இறுகிவிடும், ஒவ்வொன்றாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதுவரை மரவள்ளிப் பொரியல். சனி ஞாயிறு மட்டும் ‘சோப்பா தெ பாத்தா’ என்ற மாட்டுக்கால் சூப் இருக்கும், ஆட்டுக்கால் பாயா பிடித்தவர்களுக்கு அது. காலைச் சாப்பாட்டில் ‘காசமியெந்தோ’ என்று பார்த்தால் அதன் அர்த்தம் கல்யாணம். சோறும் பீன்ஸும் சேர்ந்த கல்யாணம். டிப்ஸை முடிந்தவரை ரொக்கமாகக் கொடுங்கள், கல்லடியில் இருப்பவருக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். மீந்ததைக் கட்டித் தருவார்கள், குர்த்திதோ தனிப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வரும். வீட்டில் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி, எண்ணெய் விடாமல், ரெண்டு பக்கமும் நாலு நாலு நிமிடம்.